மாற்றிய எழுத்துரு மறுநாளும் இருக்க வேண்டுமென்றால்

லினக்ஸிலோ ஃபிரீபிஎஸ்டியிலோ எழுத்துருவை மாற்றுவது ஒரு நிமிட வேலை. செட்டிங்ஸைத் திறந்து, பெயரைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கூட்டினால் முடிந்தது. அந்த மாற்றம் லாக்-அவுட் செய்து திரும்பி வந்த பிறகும், அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகும், எல்லா நிரல்களிலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. பல வருடங்களாக நான் எழுதுவதும் படிப்பதும் இந்த வகை டெஸ்க்டாப்புகளில்தான். என் திரையில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அதனால் இந்த விஷயத்தில் போன நேரமும் அதிகம், பிடிபட்ட விஷயங்களும் அதிகம். கீழே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவை எங்கே மாற்றுவது என்று தேடினால் பத்து இடங்களில் பத்து விதமான பதில் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் எல்லாமே சரியான பதில்கள்தான். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிரலுக்குச் சரி. ஆகவே இப்போதெல்லாம் நான் வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறேன்: இந்த நிரல் தன் எழுத்துருவை யாரிடம் கேட்டு வாங்குகிறது, எப்போது கேட்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், மாற்றம் ஏன் நிலைக்கவில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

பொதுவாக மூன்று பேர் இதில் கை வைக்கிறார்கள். மெனுவுக்கு எந்த எழுத்துரு, என்ன அளவு என்று சொல்வது க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப் சூழல். அந்தப் பெயருக்கு வட்டில் இருக்கும் எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று முடிவு செய்வது ஃபான்ட்கான்ஃபிக். கோப்பில் இருக்கும் வளைவுகளைத் திரைப் புள்ளிகளாக மாற்றுவது ஃபிரீடைப். நடுவில் ஹார்ஃப்பஸ் என்று இன்னொருவரும் உண்டு. ‘கொ’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. அதில் நாம் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை, விட்டுவிடலாம்.

ஃபான்ட்கான்ஃபிக்குக்கு முன்பு ஒரு காலம் இருந்தது. திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரே (எக்ஸ்11) எழுத்துருக்களையும் வைத்திருக்கும். ‘எக்ஸ்செட் எஃப்பி பிளஸ்’ என்று தட்டி ஒரு அடைவைச் சேர்ப்போம். சர்வர் மூடியதும் அது போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் அந்த வரியை எழுத வேண்டும். பழைய வழிகாட்டிகள் சிலவற்றில் இந்த அறிவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது. எக்ஸ்டெர்மில் பழைய பிட்மேப் (வளைவுகளாக இல்லாமல் புள்ளிகளாகவே வரைந்த) எழுத்துரு வைத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும்தான் இன்று அது உதவும். 2000-களின் தொடக்கத்தில் கீத் பேக்கர்ட் ஃபான்ட்கான்ஃபிக்கைக் கொண்டுவந்த பிறகு, நிரல்களின் சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே, க்யூடி நூலகங்கள், உலாவி எல்லாம் அதன் பக்கம் வந்துவிட்டன. எனவே நேரம் செலவழிப்பதென்றால் முதலில் அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

அதன் மூலக் கோப்பு லினக்ஸில் இடிசி அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்ற அடைவில் இருக்கிறது. ஃபிரீபிஎஸ்டியில் யுஎஸ்ஆர், லோக்கல், இடிசி வழியாகப் போக வேண்டும். பெயர் ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப். அதைத் திறந்தால், இதைத் திருத்தாதீர்கள், அப்டேட் வரும்போது மாற்றப்பட்டுவிடும் என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தக் கோப்பில் கை வைத்தவர்கள்தான். இயந்திரம் முழுமைக்குமான மாற்றம் என்றால் பக்கத்திலேயே லோக்கல் டாட் கான்ஃப் என்று ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம். நமக்கு மட்டுமான மாற்றம் என்றால் ஹோம் அடைவில் புள்ளி-கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப். ஹோம் அடைவிலேயே புள்ளியோடு தொடங்கும் ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப் என்ற பழைய இடம் கைவிடப்பட்ட வழக்கம். சில இடங்களில் இன்னும் படிக்கப்படுகிறது என்றாலும் புதிதாக அங்கே எழுத வேண்டாம்.

நான் அந்த ஃபான்ட்ஸ் டாட் கான்ஃபிலும் எழுதுவதில்லை. காரணம், கேடிஇயின் எழுத்துரு செட்டிங்ஸ் பக்கம் ஓரம் மழுக்குவது, ஹின்டிங் (எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளுக்குப் பொருத்துவது) போன்ற தேர்வுகளை அதே கோப்பில்தான் எழுதி வைக்கிறது. நாம் கையால் எழுதிய விதிகளும் ஒரு நிரல் எழுதும் விதிகளும் ஒரே கோப்பில் இருந்தால், எது யாருடையது என்று பிறகு தெரியாது. அதன் பக்கத்தில் கான்ஃப் டாட் டி என்று ஒரு அடைவை உருவாக்கி, ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்கிறேன். தமிழுக்கு ஒன்று, ஒற்றை அகல எழுத்துருவுக்கு ஒன்று, வரையும் விதத்துக்கு ஒன்று. இதில் ஒரு நிபந்தனை: கோப்பின் பெயர் எண்ணில் தொடங்கி, டாட் கான்ஃப் என்று முடிய வேண்டும். ‘தமிழ் டாட் கான்ஃப்’ என்று பெயர் வைத்தால் அது ஒருபோதும் படிக்கப்படாது. பிழைச் செய்தியும் வராது. ‘10-தமிழ் டாட் கான்ஃப்’ என்றால் படிக்கப்படும்.

இந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கிறது. கணினி முழுமைக்குமான கான்ஃப் டாட் டி அடைவைப் பார்த்தால் 10, 30, 45, 60 என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். 10-களில் வரையும் விதம், 30-களில் ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயர், 60-களில் சான்ஸ்-செரிஃப் (முனைக் கோடு இல்லாத எழுத்து) போன்ற பொதுப் பெயர்களுக்கான விருப்பப் பட்டியல். நம் ஹோம் அடைவை உள்ளே இழுப்பது 50-யூசர் என்ற கோப்பு. அது அங்கே இல்லாமல் போனால் நாம் எழுதியது எதுவுமே கண்ணில் படாது. ஆகவே ஒன்றுமே வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் தேடுவது அந்த 50-ஐத்தான்.

50 எப்படி 60-க்கு முன்பு வரலாம், பிறகு வருகிறவர்தானே ஜெயிப்பார் என்று தோன்றும். நியாயமான கேள்வி. இதில் இரண்டு வகை உண்டு. எழுத்துருப் பெயர்களின் விருப்பப் பட்டியலில், ‘சான்ஸ்-செரிஃப் என்று கேட்டால் இதைக் கொடு’ என்று எழுதும்போது, அந்தப் பெயர் சான்ஸ்-செரிஃபுக்கு நேர் முன்னால் செருகப்படுகிறது. அடுத்து வரும் கோப்பும் அதே இடத்தில்தான், அதாவது சான்ஸ்-செரிஃபுக்கு நேர் முன்னால், தன் பெயரைச் செருகும். எனவே முதலில் வந்தவர் வரிசையின் தலையில் நிற்கிறார், பின்னால் வந்தவர் பின்னால் நிற்கிறார். ஆனால் ஹின்டிங் போன்ற ஒரே மதிப்புள்ள விஷயத்தில் ‘அசைன்’ என்று எழுதினால், கடைசியாக எழுதியவர் சொன்னதே நிற்கும். பெயர் என்றால் முந்தியவர், மதிப்பு என்றால் பிந்தியவர். இந்த வித்தியாசம் புரியாமல் எண்ணை 99 ஆக்கிப் பார்ப்பவர்கள் நிறைய. அது சில சமயம் பலிக்கும், சில சமயம் தலைகீழாகும்.

இனி தமிழ். பெரும்பாலான டிஸ்ட்ரிபியூஷன்களில் தமிழ் தெரியும், ஆனால் எந்தத் தமிழ் எழுத்துருவில் தெரிகிறது என்பது அந்தந்த நிறுவலின் மனநிலையைப் பொறுத்தது. ஒரு இடத்தில் லோஹித் தமிழ், இன்னொரு இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், வேறொன்றில் இரண்டும் கலந்து. புதிதாக ஏதோ ஒரு மென்பொருளை நிறுவியதும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த எழுத்துரு தமிழைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நாம் எதையும் தொடவில்லை, ஆனாலும் திரை மாறிவிட்டது. வெளிப்படையாக ஒரு விருப்பத்தை எழுதி வைத்தால்தான் இது நிற்கும்.

அந்த விருப்பத்தை அலியாஸ் என்ற எளிய வடிவத்தில் எழுதுகிறவர்கள் அதிகம். சான்ஸ்-செரிஃப் என்றால் முதலில் நோட்டோ சான்ஸ், பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று. இது பல நிரல்களில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. ஏன் என்று புரிந்துகொள்ள ஃபான்ட்கான்ஃபிக் எந்த வரிசையில் எடை போடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு எழுத்துருப் பெயர் பட்டியலில் பலமான பிணைப்போடும் இருக்கலாம், பலவீனமான பிணைப்போடும் இருக்கலாம். பலமாகப் பிணைத்த பெயருக்கு முதல் மரியாதை. அதற்கு அடுத்து மொழி. பலவீனமாகப் பிணைத்த பெயர் மொழிக்கும் கீழே. அலியாஸ் வழியாகச் சேர்த்த பெயர் இயல்பாகப் பலவீனமானது. நிரல் ‘ஆங்கிலம்’ என்று மொழியைச் சொல்லிக் கேட்டால், ஆங்கில எழுத்தே இல்லாத ஒரு தமிழ் எழுத்துரு, நாம் பட்டியலில் மேலே எழுதியிருந்தாலும், பின்னுக்குத் தள்ளப்படும். அதன் பிறகு தமிழ் எழுத்து வரும்போது, முன்னால் நிற்பவற்றில் எதில் தமிழ் இருக்கிறதோ அது வந்து உட்காரும்.

இதற்கு நான் செய்வது, அலியாஸை விட்டுவிட்டு மேட்ச் விதி எழுதுவது. இலக்கு: ‘பேட்டர்ன்’; சோதனை: பெயர் சான்ஸ்-செரிஃபா என்பது; திருத்தம்: ‘ப்ரீபெண்ட்’ (முன்னால் செருகும்) முறையில் முதலில் எனக்குப் பிடித்த ஆங்கில எழுத்துரு, அடுத்து தமிழ் எழுத்துரு; பிணைப்பு: ‘ஸ்ட்ராங்’ (பலமானது). ஆங்கிலத்தை முன்னால் போடுவதற்குக் காரணம் உண்டு. கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பலமான பிணைப்போடு முதலிடத்தில் வைத்தால் மெனு, தலைப்பு, எண்கள் எல்லாம் அதற்கு மாறிவிடும். அது பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் ஆங்கிலம் முன்னால், தமிழ் பின்னால். செரிஃபுக்கும் மோனோஸ்பேஸுக்கும் இதே விதியைத் தனித்தனியாக எழுத வேண்டும். மோனோஸ்பேஸில் ஒற்றை அகலத் தமிழை எதிர்பார்க்காதீர்கள். ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை, டெர்மினலில் தமிழ் கொஞ்சம் இடித்துக்கொண்டுதான் நிற்கும்.

எழுதிய பிறகு கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஃபான்ட்கான்ஃபிக்கையே கேட்டுவிடலாம். ‘எஃப்சி-மேட்ச்’ என்று தட்டி, பக்கத்தில் சான்ஸ்-செரிஃப், முக்காற்புள்ளி, லாங் சமம் டிஏ என்று கொடுத்தால் தமிழுக்கு எந்தக் கோப்பு வருகிறது என்று சொல்லும். ‘-எஸ்’ சேர்த்தால் முழு வரிசையும் வரும். ‘எஃப்சி-லிஸ்ட்’ பக்கத்தில் முக்காற்புள்ளி, லாங் சமம் டிஏ என்று கொடுத்தால் தமிழ் தெரிந்த எழுத்துருக்களை மட்டும் பட்டியலிடும். புதிய பதிப்புகளில் ‘எஃப்சி-கான்ஃப்லிஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தக் கோப்புகள் படிக்கப்பட்டன என்று வரிசையாகக் காட்டும். நான் எழுதிய கோப்பு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்கவே தேவையில்லை, பெயரிலோ இடத்திலோதான் பிரச்சினை. இன்னொரு நன்மையும் உண்டு. எக்ஸ்எம்எல்லில் ஒரு குறி விட்டுப்போனால் மெனுவிலிருந்து திறக்கும் நிரல் எதுவும் சொல்லாது. டெர்மினலில் எஃப்சி-மேட்ச் தட்டினால் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று உடனே சொல்லிவிடும். அப்புறம், ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்கள் புதிய விதியைத் தாமாகக் கவனிக்கும் என்று நம்ப வேண்டாம். மூடித் திறப்பதே மேல்.

எழுத்துருக் கோப்புகளை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம். ஹோமில் புள்ளி-லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ். எல்லாருக்கும் பொதுவாக என்றால் யுஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ். இரண்டாவதில் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) நகலெடுக்கும்போது அனுமதிகளைப் பாருங்கள். ரூட் மட்டும் படிக்கலாம் என்று இருந்தால், சூடோ போட்டு (ரூட் அதிகாரத்தோடு) தேடும்போது எழுத்துரு இருக்கும், நிரலில் இருக்காது.

வரையும் விதத்தைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான், ஆனால் இன்றைக்கு அதற்கு அவ்வளவு தேவையில்லை. எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் ஹின்டிங் கட்டளைகளான ட்ரூடைப் பைட்கோடு மீதான காப்புரிமை 2010-இல் காலாவதியானது, மைக்ரோசாஃப்டின் க்ளியர்டைப் காப்புரிமைகள் 2019-இல். 2016-இல் வந்த ஃபிரீடைப் 2.7-இலிருந்து இயல்பான ட்ரூடைப் ஹின்டிங் கிடைமட்ட வாக்கில் எழுத்தை நெளிப்பதில்லை. இவற்றுக்கு முன் எழுதப்பட்ட நீண்ட நீண்ட அறிவுரைகளையும் ஒட்டுப் பொதிகளையும் இன்று அப்படியே பின்பற்றினால் எழுத்து மோசமாவதற்கே வாய்ப்பு அதிகம். ஜிடிகே 4 துணைப்புள்ளி முறையை (ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே பயன்படுத்துவதை) விட்டுவிட்டு சாம்பல் நிற மழுக்கலை மட்டும் வைத்துக்கொண்டது. அதனால் ஆர்ஜிபி என்று எத்தனை இடத்தில் எழுதினாலும் அந்த நிரல்களில் எதுவும் மாறாது. ‘ஸ்லைட்’ ஹின்டிங், சாம்பல் மழுக்கல், அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொரு திடீர் மாற்றமும் இருந்தது. 2019-இல், ஜிடிகே நிரல்களில் எழுத்தை அடுக்கும் பாங்கோ நூலகத்தின் 1.44 பதிப்பு பிட்மேப் எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்தியது. ஒரு அப்டேட்டில் டெர்மினல் எழுத்துரு காணாமல் போய் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தவர்களுக்கு அதுதான் காரணம். எந்த அமைப்பும் அதைத் திருப்பித் தராது. ஓப்பன்டைப் உறைக்குள் வைத்த பிட்மேப் வடிவத்துக்கு மாற வேண்டியதுதான்.

டெஸ்க்டாப் சூழலுக்கு வருவோம். க்னோமில் மெனு எழுத்துரு, ஆவண எழுத்துரு, ஒற்றை அகல எழுத்துரு, எழுத்துப் பெருக்கம் எல்லாம் டீகான்ஃப் என்ற தரவுக் கோப்பில் உட்காருகின்றன. அது பைனரி கோப்பு, கையால் திருத்த முடியாது. ‘ஜிசெட்டிங்ஸ் செட்’ போன்ற கட்டளை மூலம்தான் எழுத வேண்டும். ஓர் அமைப்புக்கு அங்கே இருக்கும் பெயர், அதாவது சாவி, தெரியாதபோது எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. ஒரு டெர்மினலில் ‘டீகான்ஃப் வாட்ச்’ என்று தட்டி ஒரு சாய்கோடு போட்டுவிட்டு, செட்டிங்ஸில் எதையாவது மாற்றினால், மாறிய சாவியும் மதிப்பும் அங்கே ஓடும். யார் எழுதுகிறார் என்று ஊகிக்க வேண்டாம், நேராகவே பார்த்துவிடலாம். நாம் ஒன்று எழுத, லாகினின்போது வேறொரு நிரல் அதை மாற்றி எழுதுகிறது என்ற சந்தேகம் வந்தாலும் இதே வழிதான்.

இங்கே மாற்றம் நிலைக்காமல் போக இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, ஜிசெட்டிங்ஸை வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகவோ ஏதாவது ஸ்கிரிப்ட் உள்ளிருந்தோ ஓட்டுவது. சில சமயம் அது ‘மெமரி’ பின்னணியைப் பயன்படுத்துவதாகவும் அமைப்புகள் சேமிக்கப்படாது என்றும் எச்சரிக்கும். அந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள், கட்டளை பிழையில்லாமல் முடிந்ததே என்று நினைப்பார்கள். இன்னொன்று, எப்போதோ ஒரு வரைகலை நிரலை சூடோ போட்டுத் திறந்ததால், ஹோமில் இருக்கும் டீகான்ஃப் கோப்போ அடைவோ ரூட்டுக்குச் சொந்தமாகிவிடுவது. அதற்குப் பிறகு நம்மால் எழுத முடியாது. லாக்-அவுட் செய்தால் எல்லாம் பழையபடி. ‘எல்எஸ் -எல்’ போட்டு உரிமையாளர் பெயரைப் பார்த்து, ‘சௌன்’ போட்டால் தீர்ந்தது. சின்ன விஷயம், ஆனால் எழுத்துரு, தீம், கீபோர்டு என்று எல்லாமே ஒரே சமயத்தில் நிலைக்க மறுக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

க்னோம் 48, 2025 மார்ச்சில் வந்தபோது இயல்பு எழுத்துரு கான்டரெல்லிலிருந்து அத்வைதா சான்ஸுக்கு மாறியது. நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தால் அது அப்படியே இருக்கும். எழுதாமல் இயல்பை நம்பியிருந்தால் இயல்போடு சேர்ந்து மாறும். ஏற்கெனவே அதுதானே இயல்பு, எதற்கு எழுத வேண்டும் என்று நினைக்கும் இடத்தில்கூட, நிலையாக வேண்டுமென்றால் எழுதி வைப்பது நல்லது.

கேடிஇயில் கேடிஇகுளோபல்ஸ் என்ற உரைக் கோப்பு. திறந்து படிக்கலாம், ஆனால் செஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது கையால் திருத்தினால் வேறு ஒரு நிரல் தன் நினைவிலிருப்பதை அதன் மேல் எழுதிவிட வாய்ப்பு உண்டு. கேரைட்கான்ஃபிக் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். எழுத்துரு வரி கமா போட்ட எண்களின் கோர்வையாக இருக்கும். க்யூடி 5-இல் சாதாரணத் தடிமனுக்கு 50, க்யூடி 6-இல் 400. பழைய வரியைப் புதியதில் அப்படியே ஒட்டாதீர்கள். வரியின் கடைசியில் ‘ரெகுலர்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தால் சில நிரல்களில் தடித்த எழுத்து தடிக்காமல் போகும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் சரியாகும். எக்ஸ்எஃப்சிஇயிலும் கதை இதேதான். அங்கே எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் மாற்றினால் எக்ஸ்எஃப்கான்ஃப் சேவை அதை மேலெழுதிவிடும். எக்ஸ்எஃப்கான்ஃப்-கொயரி வழியாக மாற்றினால் நிற்கும்.

சூழல் எதுவும் இல்லாமல் விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கப்பிள்ளைகள் யாரும் கிடையாது, எல்லாம் நாமே. ஜிடிகே 3-க்கும் 4-க்கும் தனித்தனி அடைவில் செட்டிங்ஸ் டாட் ஐஎன்ஐ. க்யூடி நிரல்களுக்கு க்யூடி5சிடி, க்யூடி6சிடி. அவற்றை இயக்க ஒரு சூழல் மாறி. அந்த மாறியைப் பாஷ்ஆர்சியில் எழுதினால் டெர்மினலிலிருந்து திறக்கும் நிரலுக்கு மட்டும் போகும், மெனுவிலிருந்து திறப்பதற்குப் போகாது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள இடத்தில் புள்ளி-கான்ஃபிக்குக்குள் என்விரான்மென்ட் டாட் டி அடைவில் எழுதுவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஒரு திருப்பம்: ஜிடிகே 3 அங்கே ஐஎன்ஐ கோப்பைவிட டீகான்ஃபில் இருப்பதைத்தான் மதிக்கிறது. க்னோம் இல்லாவிட்டாலும் ஜிசெட்டிங்ஸில் எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

எக்ஸ்11-இல் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பு. அதில் எக்ஸ்எஃப்டி டாட் டிபிஐ போன்ற வரிகளை எழுதினால் மட்டும் போதாது, ‘எக்ஸ்ஆர்டிபி -மெர்ஜ்’ மூலம் யாராவது அதைச் சர்வருக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றியது சர்வர் ஓடும்வரைதான் இருக்கும். சில லாகின் மேனேஜர்கள் தாமாகவே ஏற்றும், சில ஏற்றாது. ஏற்றிய பிறகும் க்னோமின் எக்ஸ்செட்டிங்ஸ் சேவை ஓடினால் ஜிடிகே நிரல்கள் அது சொல்வதைத்தான் கேட்கும். ‘எக்ஸ்ஆர்டிபி -கொயரி’ தட்டி இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் நம் வரி இருந்தும் நிரல் மாறவில்லை என்றால், அந்த நிரல் கேட்பது வேறு இடத்தில். டிபிஐயைப் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) பற்றி ஒரு வார்த்தை: அளவைக் கூட்ட டிபிஐ, எழுத்துப் பெருக்கம், எழுத்துரு அளவு என்று மூன்று கைப்பிடிகள் உண்டு. ஒன்றை மட்டும் திருகுங்கள். மூன்றையும் திருகினால் பெருக்கத்தின் மேல் பெருக்கம் ஏறி, ஒரு நிரலில் எழுத்து எறும்பாகவும் இன்னொன்றில் யானையாகவும் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒரு நிரல் மட்டும் ஒத்துவராமல் இருக்கும். அது ஃபிளாட்பேக்காக, அதாவது தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டப்படும் நிரலாக, இருக்கலாம். ஃபிளாட்பேக் நம் எழுத்துருக் கோப்புகளை உள்ளே காட்டும், ஆனால் ஹோமில் இருக்கும் ஃபான்ட்கான்ஃபிக் விதிகளை இயல்பாகக் காட்டாது. எழுத்துரு பட்டியலில் இருக்கிறது, ஆனால் விருப்ப வரிசை மட்டும் மதிக்கப்படவில்லை என்றால் இதுதான். ‘ஃபிளாட்பேக் ஓவர்ரைட்’ கட்டளையில் அந்த அடைவைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். அந்த அனுமதி நிரல் அப்டேட் ஆனாலும் போகாது.

உலாவிக்குத் தனிக் கவனம் தேவை. ஃபயர்ஃபாக்ஸின் எழுத்துரு செட்டிங்ஸில் மொழிவாரியாகப் பட்டியல் இருக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்து அங்கேயே எழுத்துருவைச் சொல்லிவிடலாம். தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் தம்மைத் தமிழ் என்று அறிவித்துக்கொள்வதில்லை, ஆகவே கீழே ஃபான்ட்கான்ஃபிக் விதியும் இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் ஒரு பொதுப் பெயருக்கு ஃபான்ட்கான்ஃபிக்கிடமிருந்து முதல் சில பெயர்களை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இயல்பு எண்ணிக்கை 3. பட்டியலில் ஏழாவதாகத் தமிழை வைத்தவர்கள் இதில் மாட்டுவார்கள். உள் அமைப்புகளை நிரந்தரமாக வைக்க ப்ரெஃப்ஸ் டாட் ஜேஎஸ் கோப்பைத் தொடாதீர்கள். அது உலாவி மூடும்போது திரும்ப எழுதப்படும். பக்கத்தில் யூசர் டாட் ஜேஎஸ் என்று வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் இருப்பது அமலாகும்.

லாகின் திரை நம் பெயரில் ஓடுவதில்லை; அதைக் காட்டும் ஜிடிஎம், எஸ்டிடிஎம் எல்லாம் தனிப் பயனர்கள். ஹோம் அடைவில் என்ன எழுதினாலும் அவர்களுக்குத் தெரியாது. அங்கேயும் தமிழ் நம் எழுத்துருவில் வர வேண்டுமென்றால் எழுத்துருவைப் பொது அடைவிலும் விதியை லோக்கல் டாட் கான்ஃபிலும் வைக்க வேண்டும்.

வரைகலையே இல்லாத கன்சோல் இன்னொரு உலகம். ஃபான்ட்கான்ஃபிக் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ‘செட்ஃபான்ட்’ தட்டினால் எழுத்து மாறும், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். சிஸ்டம்டி உள்ள பல டிஸ்ட்ரிபியூஷன்களில் விகன்சோல் டாட் கான்ஃபில் எழுத வேண்டும். டெபியனில் கன்சோல்-செட்டப் பொதியை மறு அமைப்பு செய்தால் அதுவே எழுதிக்கொள்ளும். எழுதியும் பூட் ஆகும்போது ஒரு நொடி பெரிதாகத் தெரிந்து பிறகு சிறிதானால், காட்சி இயக்கி தாமதமாக ஏறி எழுத்துருவை அழித்திருக்கிறது என்று அர்த்தம்; இயக்கியை முன்கூட்டியே ஏறும்படி செய்தால் சரியாகும். லினக்ஸ் கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான், எழுத்துகளை முன்பின்னாக அடுக்கும் வேலையும் அங்கே நடப்பதில்லை. ஆகவே கன்சோலில் நான் டெர்மினஸ் எழுத்துருவைப் பெரிய அளவில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதிய இயந்திரத்துக்கு மாறும்போது கான்ஃப் டாட் டி அடைவை அப்படியே நகலெடுக்கிறேன். டீகான்ஃப் கோப்பை நகலெடுப்பதில்லை. அதில் எழுத்துருவோடு சம்பந்தமில்லாத நூறு விஷயங்கள் கலந்திருக்கும். ‘டீகான்ஃப் டம்ப்’ கட்டளையில் இன்டர்ஃபேஸ் கிளையை மட்டும் உரையாக எடுத்து, அந்தப் பக்கத்தில் ‘டீகான்ஃப் லோட்’ செய்கிறேன். உரை என்பதால் கிட் என்ற பதிப்புப் பதிவுக் கருவியில் போட்டு வைக்கலாம், எப்போது எது மாறியது என்று பார்க்கலாம். கோப்புகளைக் கிட் அடைவில் வைத்து சிம்லிங்க் (அசல் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி) போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில நிரல்கள் சேமிக்கும்போது சிம்லிங்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதுக் கோப்பை வைத்துவிடும். நிரல்கள் எழுதும் கோப்புக்குச் சிம்லிங்க் வேண்டாம், நாம் மட்டும் எழுதும் கோப்புக்குத் தாராளமாகப் போடலாம்.

அமைப்புகளை ஏற்றியதும் எஃப்சி-மேட்ச் ஒருமுறை ஓட்டுங்கள். விதியில் சொன்ன எழுத்துரு அந்த இயந்திரத்தில் நிறுவப்படவில்லை என்றால் ஃபான்ட்கான்ஃபிக் முகம் சுளிக்காது, அடுத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டல் தவறாக இருந்தாலும் அதேதான். எஃப்சி-லிஸ்ட் காட்டும் பெயரை அப்படியே நகலெடுத்து விதியில் ஒட்டுவதுதான் பாதுகாப்பு.